தட்டும் எஞ்சின் என்ன சொல்கிறது?

பழைய மோட்டார் சைக்கிளின் நோயைக் காதால் கண்டுபிடிக்கும் வித்தை, கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் இன்னும் வழக்கொழியவில்லை

கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடம் மல்லிக் பஜார். பக்கத்திலேயே 1767-ல் திறக்கப்பட்ட ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம். இந்தப் பக்கத்துச் சந்துகளில் வேறொரு கல்லறை: ஓடி ஓய்ந்த வண்டிகளின் உதிரி பாகங்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு குவிந்து கிடக்கின்றன. ஆனால் இங்கே புதைப்பதைவிடப் பிழைக்க வைப்பதுதான் அதிகம். ஒரு புல்லட்டுக்குத் தேவைப்பட்ட பாகம் இன்னொரு புல்லட்டிலிருந்து கிடைக்கிறது.

"சத்தம் வருது" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவரிடம் அனுபவமுள்ள மிஸ்திரி முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. கேள்விதான் கேட்பார். காலையில் கிளப்பும்போது வருகிறதா, சூடேறிய பிறகா? நின்றபடி ஓடும்போதா, ஏற்றத்திலா? கிளட்சைப் பிடித்தால் நிற்கிறதா? பதில்களிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

பரிசோதனைக்கு ஏற்ற வண்டி பழைய புல்லட். 1955-ல் சென்னைக்குத் தந்து, திருவொற்றியூரில் வளர்ந்து நாடெங்கும் பரவியது. ஒரே சிலிண்டர், 70 மில்லிமீட்டர் விட்டத்தில் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும் பிஸ்டன், கொள்ளளவு 346 சிசி. நிதானமாகச் சுற்றும் எஞ்சின் என்பதால் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கும்.

மேலேயா, கீழேயா?

முதலில் தாளம். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வுகளை இயக்கும் கேம் ஒரு சுற்று சுற்றும். எனவே வால்வுப் பக்கத்துச் சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதித் தாளத்தில் 'டிக்... டிக்' என்று மெலிதாக வரும். அது டாப்பெட் இடைவெளி. கிராங்க் பக்கத்துக் கோளாறு பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றிலும் தட்டும்.

டாப்பெட் சத்தத்துக்குப் பயந்து அதை இறுக்கிவிடுபவர்கள் உண்டு. அதுதான் தப்பு. அதிகம் இறுகினால் வால்வு முழுதாக மூடாது. சூடான வாயு அந்த இடுக்கில் புகுந்து எக்ஸாஸ்ட் வால்வைச் சுட்டுவிடும். பழைய புல்லட்டில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, புஷ் ராடை விரலால் சுழற்ற முடிகிற அளவுக்கு வைப்பதே முறை. கொஞ்சம் சத்தம் போடும் டாப்பெட்டைவிட, வாயே திறக்காத டாப்பெட்தான் ஆபத்தானது.

அடுத்து, காலையில் கிளப்பியதும் 'டொப் டொப்' என்று வெற்றுப் பானையைத் தட்டுவதுபோல வந்து, சூடேறியதும் அடங்கும் சத்தம். தேய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் பக்கவாட்டில் ஆடுகிறது. சூட்டில் பிஸ்டன் விரிவதால் சத்தம் குறைகிறது. உடனே ஆபத்தில்லை, புகையும் சேர்ந்தால் போர் செய்து பெரிய பிஸ்டன் போடும் நேரம் வந்துவிட்டது.

இதற்கு நேர்மாறானது பிக் எண்ட். குளிரில் அடக்கமாக இருந்து, சூடேறி ஆயில் நீர்த்ததும் அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாகத் தட்டும். ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால் கூடும். இந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு ஓட்டக் கூடாது. கனெக்டிங் ராட் உடைந்தால் கிராங்க் கேஸும் போகும். எஞ்சின் திடீரென்று இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மழையில் நனைந்த டிராம் தண்டவாளத்தின் மேல் அது நடந்தால் எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்க மாட்டார்.

இடத்தைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்குரூ டிரைவர் போதும். முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்தினால் சத்தம் நேரே வந்து சேரும். 1816-ல் பாரீஸில் லென்னக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்ட அதே தத்துவம்தான். சுழலும் பாகங்களிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும்.

எல்லாச் சத்தமும் எஞ்சினுடையது அல்ல. இடதுபக்க மூடிக்குள் 'கடகட'வென்றால் தளர்ந்த பிரைமரி செயின். நியூட்ரலில் கேட்டு, கிளட்சைப் பிடித்ததும் நின்றால் கியர் பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். 'சப் சப்' என்று டாப்பெட் போலவே ஏமாற்றுவது, சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்துக் கசிவு. குண்டும் குழியுமான சாலையில் ஓடிய வண்டியில் எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டே தளர்ந்து ஆடலாம். அதை இறுக்கிப் பார்க்காமல் எஞ்சினைப் பிரித்தால் வீண் செலவு.

மேடில்லாத ஊர்

கொல்கத்தா சமதளம். ஏற்றத்தில் சோதிக்க மேம்பாலங்களும், 1992-ல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவின் சரிவும்தான் துணை. நாலாவது கியரில் மெதுவாக ஏறும்போது 'கிணுகிணு'வென்று சில்லறை குலுங்குவதுபோல் கேட்டால் எரிபொருள் நேரம் தவறி வெடிக்கிறது. இக்னிஷன் டைமிங் முந்தியிருக்கலாம், கரி படிந்திருக்கலாம், பெட்ரோலில் கலப்படம் இருக்கலாம். கியரைக் குறைப்பது முதலுதவி.

எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு விஷயம். எத்தனால் இந்தக் கிணுகிணுப்பைக் குறைக்கவே செய்யும். ஆனால் கார்புரேட்டர் வண்டியில் கலவை வறண்டுபோகும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் 'பட்பட்' என்று வெடிக்கும். அதற்கேற்ப ஜெட்டைச் சரிசெய்ய வேண்டும், பழைய ரப்பர் பாகங்களையும் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, வண்டி அதில் மூழ்கியிருந்தால் உதைக்கவே கூடாது. முதலில் ஆயிலைப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இந்தக் கேள்வி ஞானம் பணமாகவே உதவும். வாங்குபவர் வருமுன் எஞ்சினைச் சூடாக்கி வைத்தால் பிஸ்டன் சத்தம் மறையும். கெட்டியான ஆயில் ஊற்றினால் பிக் எண்ட் தட்டு சற்று நேரம் ஒளிந்துகொள்ளும். எனவே போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், குளிர்ந்த பிறகு வருவதாகச் சொல்லுங்கள். கிளப்பிய பின் 20 நிமிடமாவது ஓட்டிவிட்டு மீண்டும் கேளுங்கள்.

சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். புகை கக்கும் வண்டிக்கு அங்கே இடமில்லை. தேய்மானம் புகையாக வெளிவருவதற்கு முன்பே பல சமயம் சத்தமாக வந்துவிடுகிறது. அப்போதே கேட்டுவிட்டால் டாப்பெட்டோ செயினோ சரிசெய்வதோடு போகும். கேட்காமல் விட்டால் அந்த வண்டியும் மல்லிக் பஜாரில் உதிரி பாகமாகத்தான் கிடக்கும்.