ஓக்கா மடத்துச் சேவல்

புனித பேதுரு மனங்கசந்து அழுத இரவில் சேவல் கூவிற்று. அந்நிகழ்ச்சியை நினைவூட்டும் வண்ணம், கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்துப் பழைய கிராமக் கோவில்கள் பலவற்றின் கோபுர உச்சியில் இன்றும் சேவலின் உருவம் நிற்பதைக் காணலாம். கோபுரச் சேவலுக்குக் குளிரால் கேடில்லை. வீட்டுக் கொட்டிலில் வாழும் சேவலுக்கோ அங்குள்ள பனிக்காலம் ஆண்டுதோறும் வரும் கடுஞ்சோதனை. அச்சோதனையைத் தணிக்க உழைத்த துறவி ஒருவரைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நன்று.

கோழிக்கு வியர்வை இல்லை. உடலின் மிகுதியான வெப்பம் கொண்டை வழியாகவும் தாடி வழியாகவும் வெளியேறுகிறது. ஆகவே நம் போன்ற வெப்ப நாடுகளில் பெரிய கொண்டை சேவலுக்கு நன்மையே. ஆனால் பூச்சியத்திற்குக் கீழ் 20, 30 பாகை வரை குளிர் இறங்கும் நாட்டில் அதே கொண்டை தீமையாக மாறுகிறது. இறகு மூடாத அவ்வுறுப்பில் இரத்த ஓட்டம் குன்றி, நுனி உறைந்து கறுத்துப்போகிறது. பெட்டையைவிடப் பெரிய கொண்டையுடைய சேவலே இதனால் மிகுதியாகத் துன்புறுகிறது. வலியால் இரை எடுப்பது குறைகிறது. சில காலம் அதன் கருவளமும் குன்றுகிறது.

மொன்றியல் நகருக்கு மேற்கே, ஓக்கா என்னும் ஊரில் 1881ஆம் ஆண்டு திராப்பிஸ்ட் துறவியர் மடம் அமைத்தனர். செபமும் உழைப்புமே அவர்கள் வாழ்வு. அம்மடத்தின் கோழிப்பண்ணையைக் கவனித்துவந்த சகோதரர் வில்பிரிட் சாத்தலேன், அங்கிருந்த கோழி இனங்கள் யாவும் பிற நாடுகளிலிருந்து வந்தவை என்பதையும், கனடாவின் குளிருக்கென உருவான இனம் ஒன்றும் இல்லை என்பதையும் உணர்ந்தார். ஏறத்தாழ 1908இல் பணியைத் தொடங்கினார். கார்னிஷ், லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், வயண்டாட், பிளிமத் ராக் என்னும் ஐந்து இனங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, தேர்ந்து, கழித்து, மீண்டும் தேர்ந்தார். 1918இல் புதிய இனம் மக்கள் பார்வைக்கு வந்தது. 1921இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. 'சாந்தக்ளேர்' என்பது அதன் பெயர். பிரெஞ்சு மொழியில், தெளிவாகப் பாடுவது என்று பொருள்படும். வெண்ணிற இறகு, நல்ல உடற்கட்டு, குளிர்காலத்திலும் முட்டையிடும் இயல்பு. கொண்டையோ தலையோடு ஒட்டிய சிறு மெத்தை போன்றது. தாடியும் மிகச் சிறியது.

கொண்டை சிறுத்ததால் சேவலின் தகுதி சிறுத்துவிட்டதா? இல்லை. சேவலின் பணியை உற்று நோக்குவோம். நல்ல இரையைக் கண்டால் 'கொக், கொக்' என்று அழைத்து, அதனைக் கொத்தி எடுத்துக் கீழே போட்டுப் பெட்டைகளுக்குக் காட்டுகிறது. பெட்டைகளைக் கவரும் வழி இது என்பர் அறிவியலார். எனினும் பயன்பெறுவது பெட்டைகளே. வானில் பருந்தைக் கண்டால் ஒருவகை நீண்ட ஓலம். தரையில் பகை வந்தால் விட்டுவிட்டு எழும் வேறொரு கூச்சல். முன்னதைக் கேட்ட கோழிகள் பதுங்குகின்றன. பின்னதைக் கேட்டவை தலை நிமிர்ந்து பார்க்கின்றன. இவற்றுள் எதற்கும் பெரிய கொண்டை தேவையில்லை.

குளிர் நாட்டில் கோழி வளர்ப்போர் மற்றோர் உண்மையையும் அறிவர். குளிரைவிட ஈரமே பெரும் பகை. கொட்டிலை முழுவதும் அடைத்துவிட்டால் எச்சத்தின் ஈரமும் மூச்சின் ஈரமும் கொண்டையில் படிந்து உறையும். ஆகையால் கோழிகள் அமரும் இடத்திற்கு மேலே காற்றுப் போக்கி வைப்பர். கால்விரல்களை இறகால் மூடிக்கொள்ளும்படி அகன்ற கட்டையில் அமரச் செய்வர். வெளிக்காற்றை அறவே அடைத்த வீடு பாதுகாப்பான வீடு அன்று என்பது பெற்றோராகிய உங்களுக்கும் பொருந்தும்.

பெரும்பண்ணைகள் பெருகியபோது சாந்தக்ளேர் மறக்கப்பட்டது. 1979இல் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் இருந்த சேவல் இறந்ததும், இனமே அழிந்தது என்று பலர் எண்ணினர். ஆனால் சிறு குடியானவர் சிலருடைய வீட்டுக் கொட்டில்களில் அது உயிரோடிருந்தது! விளம்பரமின்றி அவர்கள் காத்துவந்த கோழிகளிலிருந்தே இனம் மீண்டும் தழைத்தது. 1999இல் கியூபெக் அரசு அதனைத் தன் வேளாண் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சட்டத்தால் அறிவித்தது. துறவியர் 2009இல் ஓக்காவை விட்டு வேறிடம் சென்றனர். சகோதரர் வில்பிரிட்டின் கைவேலையோ இன்றும் வீடுகளில் கூவுகிறது.

அன்புள்ள பெற்றோரே! நம் விசுவாசமும் இவ்வாறே காக்கப்படுகிறது. பெருவிழாக்களின் ஆரவாரம் அதற்கு அழகு சேர்க்கலாம். ஆனால் அதனைத் தலைமுறைக்குத் தலைமுறை உயிரோடு ஒப்படைப்பது மாலைதோறும் செபமாலை சொல்லும் சிறிய இல்லமே. குடும்பத் தலைவனின் பெருமையும் தலையில் உயர்ந்து நிற்கும் கொண்டையில் இல்லை. பிள்ளைகளை உணவுக்கு அழைப்பதிலும், ஆபத்தை முன்னறிந்து குரல் கொடுப்பதிலும், விடியுமுன் விழித்திருப்பதிலுமே இருக்கிறது.