ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாவட்டம்

சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவர்களுக்குக் கிருஷ்ணகிரி என்றால் டோல்கேட், ஓசூர் என்றால் டிராஃபிக். இரண்டுக்கும் நடுவில் ஒரு காபி, அவ்வளவுதான். வழிப்போக்கர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்குப் போக வேண்டிய ஊர் வேறு. ஆனால் இங்கேயே வந்து தங்கி, வருடக்கணக்கில் சம்பாதிப்பவர்களுக்கும் இந்த மண் தெரியாமலே போய்விடுகிறது. அதுதான் மனத்தை உறுத்துகிறது.

1970களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. பின்னாலேயே டிவிஎஸ் வந்தது, அசோக் லேலண்ட் வந்தது, டைட்டன் வந்தது. இப்போது கூத்தனப்பள்ளியில் செல்போன் பாகங்கள், போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர். தென்மாவட்டப் பிள்ளைகள் முதல் ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்கள் வரை ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. வார லீவு கிடைத்தால் பாதி நாள் தூக்கம், மீதி நாள் செல்போன். கையில் காசு இருந்தால் பெங்களூருவில் ஒரு மால். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வட்டத்துக்குள் கோட்டை இருக்கிறது, காடு இருக்கிறது, பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்குத்தான்.

டோல்கேட்டுக்கு அருகே ஊருக்குமேல் நிற்கிற மொட்டைப் பாறை மலையை எல்லாரும் பார்த்திருப்பார்கள். சையத் பாஷா மலை என்பார்கள். விஜயநகர காலத்துக் கோட்டை, உச்சியில் தர்கா. பழையபேட்டைப் பக்கமிருந்து ஏற வேண்டும். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம். 1791 நவம்பரில் திப்பு சுல்தானுடனான போரின்போது ஆங்கிலப் படை இந்தக் கோட்டையைத் தாக்கிப் பார்த்தது, முடியவில்லை. அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில்தான் கோட்டை அவர்கள் கைக்குப் போனது. மேலே போய் நின்று கீழே பார்த்தால் அந்தத் தோல்விக்குக் காரணம் சொல்ல ஆள் தேவையில்லை. வழவழவென்று செங்குத்தாக இறங்குகிற பாறை. ஏறி வருகிறவனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூடக் கிடையாது.

இந்தச் சீமைக்கு அப்போது பாராமகால் என்று பெயர், பன்னிரண்டு கோட்டைகளின் நாடு. மைசூர் மேட்டிலிருந்து சமவெளிக்கு இறங்குகிற கணவாய்கள் இங்கே இருப்பதால், யார் ஆண்டாலும் இந்தக் குன்றுகளில் காவல் வைத்தே ஆக வேண்டியிருந்தது. அந்த உடன்படிக்கையில் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது, ஓசூர் 1799 வரை திப்புவிடமே இருந்தது. இன்று ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் போகிறவர் ஒரு காலத்து நாட்டு எல்லையைத் தெரியாமலே கடந்துகொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் என்றால் நான் ராயக்கோட்டையைச் சொல்வேன். 1791 ஜூலையில் ஆங்கிலப் படையின் மேஜர் கௌடி பிடித்த கோட்டை இது. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மலையைவிட ஏறுவது எளிது. ஓசூர் – தருமபுரி ரயில் பாதையிலேயே ஊர் இருப்பதால் பஸ்ஸை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. இறங்கி வந்ததும் தக்காளி மண்டியை ஒரு சுற்று சுற்றலாம். கூடை கூடையாகத் தக்காளி ஏலம் போகிற சத்தத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். ஒரே ஆள் மூன்றிலும் விலை பேசுவார்.

இனி மல்லச்சந்திரம். இந்த மாவட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தேசிய நெடுஞ்சாலையில் சூளகிரி தாண்டி சாமல்பள்ளம் பக்கம் பிரிந்து உள்ளே போக வேண்டும். ஊருக்குப் பக்கத்துப் பாறைக் குன்றின்மேல் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. இரும்புக்கால மக்கள் தங்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். நான்கு பலகைக் கற்களை ஒன்றன் விளிம்பு இன்னொன்றைத் தாங்குவதுபோல் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாகப் போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பில்லை, பூச்சில்லை, ஒன்றை ஒன்று தாங்குகிற கணக்கு மட்டும்தான். ஒரு பலகையில் வட்டமாக ஒரு துளை. அதன் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், அத்தனை நேர்த்தி. கருங்கல்லில் இப்படி ஒரு வட்டம் எடுக்க எத்தனை நாள் கொத்தியிருப்பார்கள்! சில திட்டைகளைச் சுற்றிப் பலகைக் கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். ஒன்றின் தலை வளைந்திருக்கும், அடுத்தது தட்டையாக இருக்கும், மறுபடி வளைவு. இடத்தை அடைப்பதற்கு மட்டும் இவ்வளவு வேலை தேவையில்லை. பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

அந்த மூடிக்கல்லை மேலே ஏற்றிய ஆட்களிடம் இரும்பு இருந்தது. எவ்வளவு காலமாக இருந்தது என்பதை இதே மாவட்டத்தின் இன்னொரு மூலை சொன்னது. பர்கூர் பக்கம், தொகரப்பள்ளியை ஒட்டிய மயிலாடும்பாறையில் 2003இல் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்தார். 2021இல் மாநிலத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. அங்கே கிடைத்த மாதிரிகளில் ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். அதாவது ஏறக்குறைய 4,200 ஆண்டுகள். பின்னர் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இதைவிடப் பழைய காலத்தைத் தந்தது. இருந்தாலும் தமிழ்நாட்டு இரும்பின் வயதை மாற்றி எழுதத் தொடங்கியது கிருஷ்ணகிரி மண்தான். பட்டறையிலும் லேத்திலும் நிற்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கண்ணை விரிப்பார்கள்.

மலை ஏற உடம்பு இடம் கொடுக்காதவர்களுக்குக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நடுகற்களின் முன்னால் கொஞ்சம் நேரம் நில்லுங்கள். மாடு மீட்கப் போய் விழுந்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன் என்று சாதாரண ஊர்க்காரனுக்கு வைத்த கல். கீழே சண்டை, மேலே அவனைக் கைபிடித்து அழைத்துப் போகிற பெண்கள். வேப்பனப்பள்ளி பக்கத்துச் சின்னகொத்தூரிலும் நடுகற்கள் உண்டு. ஹொய்சள மன்னன் வீர ராமநாதனுக்குத் தலைநகராயிருந்த குந்தாணி அதுதான். இன்று அது ஒரு சிற்றூர்.

கே.ஆர்.பி. அணையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உள்ளூர்க்காரர்கள் எப்படியும் போய்விடுவார்கள். 1957 நவம்பரில் காமராஜர் திறந்தது, 9,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. பூங்காவும் பொரித்த மீனும் குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் போதும். திரும்பும்போது காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு வாங்காமல் வராதீர்கள். ஜூன், ஜூலை என்றால் மாம்பழம். கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சியும் அந்தப் பருவத்தில்தான்.

ஓசூரிலேயே இருப்பவர்களுக்கு இரண்டு இடங்கள். ஒன்று சந்திரசூடேஸ்வரர் மலை. மார்ச் மாதத்தை ஒட்டி வருகிற தேர்த் திருவிழாவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் கூட்டம் வரும். சாதாரண நாளில் சாயங்காலம் ஏறினால் ஊர் முழுவதும் தெரியும். மற்றொன்று தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த வீடு இந்தக் கிராமத்து அக்ரகாரத்தில்தான் இருக்கிறது. அரசு அதை நினைவில்லமாகப் பராமரிக்கிறது. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் பிறந்த வீடா இது என்று கேட்கும்படி இருக்கும், அவ்வளவு சின்ன வீடு. பக்கத்தில் தென்பெண்ணை ஓடுகிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கழிவையும் வாங்கிக்கொண்டு வருகிற ஆறு. மேலே கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போது வெள்ளை நுரை மலைபோல் எழும்புவதைச் செல்போனில் படமெடுக்கிறார்கள். அது வேடிக்கை பார்க்கிற காட்சியல்ல. இந்த ஆற்றை நம்பி உழுகிறவர்கள் எத்தனையோ முறை முறையிட்டுவிட்டார்கள்.

தளி தனி உலகம். வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று அழைத்த ஊர். அதற்கப்பால் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, மலைமேல் பெட்டமுகிலாளம். இந்தக் காடுகளின் பெரும்பகுதி 2014இல் அறிவித்த காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் அடங்குகிறது, 504 சதுர கிலோமீட்டர். ராகி கதிர் முற்றுகிற குளிர்காலத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைகள் கூட்டமாக இறங்கி, சானமாவு வரைக்கும் வரும். பரண்மேல் உட்கார்ந்து விடிய விடியக் காவல் காக்கிற குடும்பங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அந்தப் பருவத்தில் காட்டுச் சாலையில் இருட்டியபின் போகாதீர்கள். யானை நின்றால் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுக்கவும் வேண்டாம். பகலில் போங்கள், வழியில் ராகிக் களியும் குழம்பும் கிடைத்தால் சாப்பிடுங்கள், வெயில் இறங்குவதற்குள் திரும்பிவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கோரிக்கை வைக்காமல் முடிக்க முடியவில்லை. இந்த மாவட்டத்துக் கருங்கல்லுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. பாரடைசோ என்ற பெயரில் கிருஷ்ணகிரிக் கல் கப்பலேறுகிறது. குவாரிக்கு ஒரு குன்று, கல்திட்டைக்கு ஒரு குன்று என்று பிரித்துக் கோடு போட்டுவிட்டால் தொழிலும் பிழைக்கும், மல்லச்சந்திரமும் பிழைக்கும். கல்திட்டைகளைச் சுற்றி வேலியும், நெடுஞ்சாலையிலேயே கண்ணில் படுகிற ஒரு தமிழ்ப் பலகையும் வேண்டும். அடுத்தது பஸ். வேலைக்கு ஆளை அழைத்துப்போக விடிகாலையிலிருந்து கம்பெனி வண்டிகள் ஓடுகின்றன. ஞாயிறு மட்டும் காலை எட்டு மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து தொரப்பள்ளி, சூளகிரி, மல்லச்சந்திரம், ராயக்கோட்டை என்று ஒரே ஒரு அரசுப் பேருந்து சுற்றி வந்து, ஆறு மணிக்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டால் போதும். விடுதியில் தங்கி வேலை பார்க்கிற பெண்பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து தைரியமாகக் கிளம்பிவிடுவார்கள்.