வாயிற்காவலன் பார்த்த பெண்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நாடகமாக்கினோம். வேடங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தது நான்தான். ஒல்லியான, மென்குரல் கொண்ட மாணவி கண்ணகி ஆனாள். வகுப்பிலேயே கனத்த குரல் உடைய ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு வாயிற்காவலன் வேடம். ஒத்திகையில் அவள் வாய் திறந்தால் மைதானத்தின் மறுகோடியில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் ஒத்திகையில் அவள் கேட்டாள்: “டீச்சர், கண்ணகி இவ்ளோ மெதுவா பேசினா ராஜாவுக்குக் கேக்குமா?”

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஆற்றல் மிக்க பெண் என்றால் நம் மனத்தில் என்ன உருவம் எழுகிறது? அந்த உருவம் எங்கிருந்து வந்தது?

வாயிற்காவலனுக்கும் இதே சிக்கல்தான். வாசலில் வந்து நிற்கும் பெண்ணை அரசனிடம் எப்படி விவரிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தனக்குத் தெரிந்த வலிமையான பெண்ணுருவங்களை எல்லாம் வரிசையாகச் சொல்கிறான். வெட்டுண்ட தலையின்மேல் நிற்கும் கொற்றவையா, இல்லை, காளியா, இல்லை, தாருகனின் மார்பைப் பிளந்தவளா, அவளும் இல்லை. சினத்தோடு நிற்கிறாள், கையில் ஒற்றைச் சிலம்பு இருக்கிறது, கணவனை இழந்தவள் என்று முடிக்கிறான். ஒரு சாதாரணப் பெண்ணின் வலிமையைச் சொல்ல அவனிடம் தெய்வங்களைத் தவிர வேறு உவமை இல்லை. ஆனால் அந்த உவமைகள் பொருந்தவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இதை மாணவர்கள் கவனிக்கும்படி செய்தாலே பாதிப் பாடம் நடந்துவிடும்.

அவன் மனத்தில் இருந்த கொற்றவையைப் போன்ற உருவத்தை மாமல்லபுரத்தில் பார்க்கலாம். திரிமூர்த்தி குகையின் வெளிப்புற மாடத்தில் எருமைத் தலைமீது துர்க்கை நிற்கிறாள். போர் முடிந்துவிட்டது. வணங்க வேண்டியதுதான் நம் வேலை. கலங்கரை விளக்கத்தின் அருகே பாறை மேல் உள்ள மகிடாசுரமர்த்தினி மண்டபத்தின் வடக்குச் சுவரில் இருப்பது வேறு வகை. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி இங்கே போரின் நடுக்கணத்தைச் செதுக்கியிருக்கிறார். எட்டுக் கைகளோடு சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை நாணேற்றி இழுக்கிறாள். எதிரே எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட மகிடன், கதாயுதத்தைப் பற்றியபடி பின்னால் சாய்கிறான். உருவத்தில் அவன்தான் பெரியவன். அவனுக்கும் குடை உண்டு, அவளுக்கும் குடை உண்டு. இன்னும் அவன் தோற்கவில்லை. ஆனாலும் யார் முன்னேறுகிறார், யார் பின்வாங்குகிறார் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

கல்விச் சுற்றுலாவில் இந்தச் சிற்பத்தை இரண்டு நிமிடத்தில் கடந்து கடற்கரைக் கோயிலுக்கு ஓடுகிறோம். பத்து நிமிடம் ஒதுக்குங்கள். துர்க்கையின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிதுங்கிய கண்களோ, நீட்டிய நாக்கோ அதில் இல்லை. வேலையில் ஆழ்ந்திருக்கும் ஒருவரின் அமைதியே இருக்கிறது. முன்வரிசையில் வாளோடு பாயும் இன்னொரு பெண்ணையும் தேடச் சொல்லுங்கள். அவளுக்கு எட்டுக் கைகள் இல்லை, இரண்டே கைகள்.

கண்ணகிக்கு வருவோம். அவள் பாண்டியன் அவையில் என்ன செய்கிறாள்? முதலில் தான் எந்த ஊர் என்கிறாள். அந்த ஊரின் முன்னுதாரணங்களாகச் சிபியையும், கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் முன்வைக்கிறாள். பிறகு கணவன் பெயர், தன் பெயர், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்ற சான்று. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே ஒப்புக்கொள்கிறான். அதன் பிறகுதான் சிலம்பு உடைகிறது. ஒரு நல்ல வழக்கறிஞர் இதைவிட ஒழுங்காக வழக்காட முடியுமா என்பது ஐயம்தான். மதுரை எரிவது தீர்ப்புக்குப் பின்னால் நடப்பது.

நம் நினைவில் நிற்பதோ நெருப்புதான். 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் பத்துச் சிலைகள் வைக்கப்பட்டன. அவற்றில் பெண்கள் இருவர்: ஔவையார், கண்ணகி. கண்ணகி சிலையின் கையில் சிலம்பு இருக்கிறது, தீப்பந்தம் இல்லை. சிற்பம் தேர்ந்தெடுத்தது வழக்குரைக்கும் கணத்தை. திரைப்படத்திலும் 1942இல் ‘கண்ணகி’யாக நடித்த பி. கண்ணாம்பாவைப் பழைய ரசிகர்கள் இன்றும் நினைப்பது வசன உச்சரிப்புக்காகவே. இத்தனைக்கும் அவரது தாய்மொழி தெலுங்கு. 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் சி.ஆர். விஜயகுமாரியும் கலைஞரின் வசனத்தை முழங்கினார். இரண்டிலும் கண்ணகி பேசுகிறாள், உரக்கப் பேசுகிறாள். பள்ளி மேடையில் நாம்தான் அவளை முதலில் அழவும், பிறகு தலைவிரி கோலத்தில் ஓடவும் வைத்து, நடுவில் உள்ள வாதத்தை ‘நேரமில்லை’ என்று வெட்டிவிடுகிறோம்.

வட மாவட்டங்களின் தெருக்கூத்தில் திரௌபதிக்கும் இதே கதி நேர்கிறது. தன்னைத் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று அவள் அவையைக் கேட்பது சட்டக் கேள்வி. பீஷ்மரே விடை சொல்லத் திணறுகிறார். ஆனால் ஊர் மனத்தில் பதிவது, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் அருகே அவள் கூந்தல் முடிப்பதுதான். மரபாக ஆண்களே அவள் வேடம் கட்டுவார்கள் என்பதும் வகுப்பில் பேச வேண்டிய செய்தி.

தெய்வச் சாயலோ சாபமோ இல்லாமல் நீதிமன்றத்தில் நின்ற பெண்ணையும் தமிழ்த்திரை காட்டியிருக்கிறது. கே. சுப்ரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ 1939இல் வந்தது, கதை கல்கி. கைவிட்ட கணவன் திரும்பி வந்து வழக்குத் தொடுக்கிறான். எஸ்.டி. சுப்புலட்சுமி நடித்த சாவித்திரி, அவனோடு வாழ மறுத்து, வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிறாள். இந்தக் காட்சியை இன்றைய எட்டாம் வகுப்புக்குச் சொல்லிப் பாருங்கள், மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

செலவில்லாத ஒரு பயிற்சி. மாணவர்களைச் சுவரொட்டி, நாட்காட்டி, செய்தித்தாள் விளம்பரம் என்று கிடைக்கும் பெண் உருவங்களைக் கத்தரித்து வரச் சொல்லுங்கள். அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள், யாரைப் பார்க்கிறாள், அவள் அடுத்துச் சொல்லப்போகும் வாக்கியம் எதுவாக இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் பல படங்களுக்கு மூன்றாவது கேள்விக்கு விடையே வரவில்லை. “இவ பேசவே மாட்டா டீச்சர்” என்றான் ஒருவன். ஆண் கதாநாயகர்களின் படங்களையும் கொண்டுவரச் சொன்னபோது அந்தத் தொல்லை இல்லை. எல்லோரும் வசனம் எழுதிக் குவித்தார்கள்.

இந்த ஆண்டும் அதே நாடகம்தான், வாதம் வெட்டப்படாமல். பதினெட்டு நிமிடம் ஓடுகிறது; தலைமையாசிரியர் பதினைந்துக்குள் முடிக்கச் சொல்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம். கனத்த குரல்காரி இப்போது பத்தாம் வகுப்பு. கண்ணகி அவள்தான். போன ஆண்டுக் கண்ணகி, வாயிற்காவலன் வேடத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.