பைக் ஓட்டும் பிள்ளைக்கு எந்த ஜீன்ஸ்?

"பைக் ஜீன்ஸ்தானே ஹழ்ரத் போட்டிருந்தான்? அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?"

ஆஸ்பத்திரி வராண்டாவில் ஓர் அத்தா நம்மிடம் கேட்ட கேள்வி இது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், இஷா முடிந்து வீடு திரும்பும்போது, வளைவில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி வழுக்கி விழுந்துவிட்டான். வேகம் ஐம்பதைத் தாண்டியிருக்காது. ஹெல்மெட் போட்டிருந்தான். அல்ஹம்துலில்லாஹ், தலையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இடது இடுப்பிலிருந்து முட்டிவரை தோல் உரிந்துவிட்டது, முட்டிச்சில்லில் விரிசல். மறுதொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதம் அந்தப் பிள்ளை பள்ளிவாசலின் ஓரத்தில் நாற்காலி போட்டு, எழுபது வயதுப் பெரியவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து தொழுதான். ஸஜ்தாவுக்கு முட்டி மடங்கவில்லை.

அவன் அணிந்திருந்தது ஆன்லைனில் ‘பைக்கர் ஜீன்ஸ்’ என்ற பெயரில் வாங்கியது. முட்டியில் வரிவரியாகத் தையல், தொடையில் ஜிப், பார்ப்பதற்கு முரட்டுத்தனம். கிழிந்த துணியை நாம் திருப்பிப் பார்த்தோம். பருத்தியும் கொஞ்சம் இழுவை நூலும் கலந்த ஒற்றைத் துணி. உள்ளே எதுவும் இல்லை. அந்த வரித்தையல் வெறும் அலங்காரம். ‘பைக்கர்’ என்பது அங்கே ஃபேஷனின் பெயர், பாதுகாப்பின் பெயரல்ல. பெற்றோர்களில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அந்த வேகத்தில் விழுந்தவர் தார்ச்சாலையில் சுமார் இரண்டு நொடி தேய்ந்துகொண்டே போவார். சாதாரண பருத்தி ஜீன்ஸ் அதில் ஒரு நொடி தாக்குப்பிடிப்பதே பெரிது. மீதி நேரம் சாலையில் தேய்வது தோல். ‘ஜீன்ஸ் தடிமனான துணி, தாங்கும்’ என்று நாமும் வெகுநாள் நினைத்திருந்தோம். அது சுரங்கத்திலும் பட்டறையிலும் உழைப்பவருக்குக் கிழியாமல் இருக்கப் பெயர் பெற்ற துணி. சாலையில் இழுபடுவது வேறு கணக்கு.

பயானில் இதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் ஜீன்ஸ் என்ற சொல்லே ஏச்சுப் போலத்தான் இருந்தது, அதனால் அந்தச் சிரிப்பு நமக்குப் புரிகிறது. ஆனால் தாவூத் (அலை) அவர்களுக்குக் கவச உடை செய்யும் கலையைக் கற்றுக்கொடுத்ததைத் தன் அருட்கொடையாக அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான் (21:80). வெப்பத்திலிருந்து காக்கும் ஆடையையும் தாக்குதலிலிருந்து காக்கும் ஆடையையும் ஒரே வசனத்தில் நிஃமத்தாக எண்ணுகிறான் (16:81). உஹதுப் போர் நாளில் நபி (ஸல்) அவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கவச உடைகளை அணிந்திருந்ததாக அபூதாவூதில் அறிவிப்பு இருக்கிறது. தவக்குலில் அவர்களைவிட மேலானவர் யார்? ‘எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்லி மகனுக்கு வண்டிச் சாவியை மட்டும் கொடுப்பது தவக்குல் ஆகாது.

ஒன்றை முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உயிரைக் காப்பதில் முதலிடம் ஹெல்மெட்டுக்குத்தான். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. நல்ல ஜீன்ஸ் இந்த எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றிவிடாது. லாரியில் மோதினால் எந்தத் துணியும் எலும்பைக் காக்காது. தோலையும் முட்டியையும் இடுப்பையும் காப்பதே இதன் வேலை. எனவே கையில் இருக்கும் பணம் ஒன்றுக்கு மட்டுமே போதுமென்றால், தரமான ஹெல்மெட்டை வாங்குங்கள். பணம் மீந்தால் மேலே படியுங்கள்.

ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை பார்க்க நமக்குத் தெரியும். கால்சட்டைக்கு நம் நாட்டில் அப்படியொரு சட்டக் கட்டாயம் இல்லை. ஐரோப்பாவில் இருக்கிறது. அங்கே பைக் உடை என்று சொல்லி விற்பவர் அதைச் சோதித்துச் சான்று பெற வேண்டும். அந்தச் சோதனை விதியின் பெயர் இ.என். 17092; 2020இல் வந்தது. இந்தியாவில் விற்கும் நல்ல ஜீன்ஸ்களிலும் இந்த எண்ணைக் காணலாம். உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளில் பைக் ஓட்டுபவரின் சிறு படமும், இந்த எண்ணும், அதன் அருகே தர எழுத்தும் இருக்கும். மூன்று ‘ஏ’ என்றால் மிக உயர்ந்த தரம், இரண்டு ‘ஏ’ நடுத்தரம், ஒற்றை ‘ஏ’ அடிப்படை. சுழலும் கருவியில் துணியைக் கட்டி, கான்கிரீட் பரப்பில் தேய்த்துப் பார்ப்பார்கள். முட்டி, இடுப்பு போன்ற முதலில் அடிபடும் இடங்களின் துணி, மூன்று ‘ஏ’வில் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்துக்கும், இரண்டு ‘ஏ’வில் 70க்கும், ஒற்றை ‘ஏ’வில் 45க்கும் ஈடான தேய்ப்பைத் தாங்க வேண்டும். இவை சோதனைக்கூடத்து எண்கள். எழுபதில் விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று மகனிடம் சொல்லிவிடாதீர்கள்.

‘பி’ என்ற எழுத்து இருந்தால், துணி தேய்மானத்தைத் தாங்கும், ஆனால் முட்டிக் கவசம் இல்லை என்று பொருள். ‘சி’ என்றால் கவசம் மட்டும்தான், துணி காக்காது.

கடைக்காரர் "சி.இ. இருக்கு பாய்" என்று சொல்வதைக் கேட்டுத் திருப்தியடைந்துவிடாதீர்கள். எதற்கு இருக்கிறது என்று கேளுங்கள். பல ஜீன்ஸ்களில் முட்டியில் செருகும் கவசத்துக்கு மட்டுமே அந்த முத்திரை இருக்கும். கடையில் அதை ‘பேட்’ என்பார்கள். அதன் விதி வேறு, இ.என். 1621. கவசம் சான்று பெற்றது, சுற்றியிருக்கும் துணியோ நம் தம்பி அணிந்திருந்த அதே பருத்தி! துணி தேய்ந்து கிழிந்தால் கவசம் தன் இடத்தில் நிற்காது. ஆகவே லேபிளில் 17092 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

கவசத்தில் இரண்டு நிலைகள் உண்டு. இரண்டாம் நிலை, அடியை முதல் நிலையைவிடக் குறைவாக உடலுக்குக் கடத்தும். விலை வித்தியாசமும் பெரிதல்ல. நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு குறியும் முக்கியம்: ‘டி பிளஸ்’. சூட்டில் வைத்துச் சோதித்தும் தேறியது என்று அதற்குப் பொருள். சில மென்மையான கவசங்கள் சூட்டில் இளகிவிடும். மே மாதம் வேலூரிலோ ரியாத்திலோ வண்டி ஓட்டும் பிள்ளைக்கு இது வெறும் எழுத்து அல்ல. இடுப்புக் கவசம் சில ஜீன்ஸ்களில் சேர்ந்தே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். பக்கவாட்டில் விழுபவருக்கு இடுப்பில்தான் முதல் அடி, விட்டுவிடாதீர்கள்.

இனி துணி. பழைய வகையில், பருத்தி டெனிமுக்கு உள்ளே அராமிட் நூலால் ஆன உள்துணி வைத்திருப்பார்கள். கெவ்லார் என்று நாம் கேள்விப்படுவது இந்த இனம்தான். 1965இல் அமெரிக்காவில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் வேதியியலாளர் கண்டுபிடித்தது. உள்துணி முழுக்க இருக்கிறதா, முட்டியிலும் பின்புறமும் மட்டும் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று ஜீன்ஸை உள்ளே புறம் திருப்பிப் பாருங்கள். ‘கெவ்லார் ஜீன்ஸ்’ என்ற சொல் இரண்டுக்கும் ஒன்றுபோலவே சொல்லப்படும். புதிய வகையில் வலுவான நூலை டெனிமிலேயே சேர்த்து நெய்துவிடுகிறார்கள். ஒற்றைத் துணி, காற்று ஓரளவு போகும், எடை குறைவு, விலை கூடுதல். தினமும் அலுவலகமோ கல்லூரியோ போகிறவருக்கு நம் தட்பவெப்பத்தில் இதுதான் ஏற்றது என்பது நம் கருத்து. மூன்று ‘ஏ’ கனத்த ஜீன்ஸை வாங்கி, புழுக்கம் தாங்காமல் ஆணியில் மாட்டி வைப்பதைவிட, இரண்டு ‘ஏ’வை தினமும் அணிவது மேல்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2018 முதல் ‘மோட்டோகேப்’ என்ற பெயரில் ஒரு நல்ல காரியம் செய்கின்றன. கடைகளில் சாதாரண வாடிக்கையாளரைப் போல பைக் உடைகளை வாங்கி, சோதித்து, பாதுகாப்புக்கும் வெப்பத்தில் அணியும் வசதிக்கும் தனித்தனியே நட்சத்திரம் கொடுத்து இலவசமாக வெளியிடுகிறார்கள். இப்படியொரு சோதனை தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. விபத்தில் சிக்கிய 212 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், பைக்குக்கென்றே செய்த கால்சட்டைகளில் ஏறக்குறைய 28 சதவீதம் விபத்தில் சேதமாகித் தோற்றிருந்தன. பெயரை நம்பி வாங்கியவர்கள் அங்கேயும் இருந்தார்கள்.

அளவு பார்ப்பது கடையில் நின்றபடி அல்ல. உட்கார்ந்து பார்க்க வேண்டும். முடிந்தால் உங்கள் வண்டியிலேயே ஏறி உட்காருங்கள். முட்டியை மடக்கும்போது ஜீன்ஸ் மேலே ஏறும். நின்றபோது முட்டியில் இருந்த கவசம் அப்போது தொடைக்குப் போய்விடும். மடக்கிய நிலையில் முட்டிச்சில்லையும் அதற்குக் கீழே கொஞ்சத்தையும் மூட வேண்டும். கவசம் வைக்கும் உள்பையை ஏற்றி இறக்க வசதி இருந்தால் நல்லது. கையால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். எளிதாகச் சுற்றிக்கொண்டு போனால் ஜீன்ஸ் தளர்வு.

இங்கேதான் மார்க்கக் கேள்விகள் வருகின்றன. உடலோடு ஒட்டி அங்க அமைப்பைக் காட்டும் ஜீன்ஸ் கூடாது என்கிறோம். தளர்ந்தால் கவசம் நிற்காது என்கிறார்கள். இரண்டும் மோதுவதில்லை. முட்டிப் பகுதி மட்டும் பிடிப்பாக, தொடையும் இருக்கையும் தாராளமாக இருக்கும் ‘ரெகுலர்’ வெட்டைக் கேளுங்கள், ‘ஸ்கின்னி’ வேண்டாம். இதைவிட நம்மைக் கவலைப்படுத்துவது இடுப்புதான். முன்வரிசைத் தம்பி ஸஜ்தாவுக்குப் போகும்போது, சட்டை மேலேறி ஜீன்ஸ் கீழிறங்கி முதுகின் அடிப்பகுதி தெரிவதை எந்தப் பள்ளியில்தான் காணவில்லை? அந்த இடம் அவ்ரத். ஷாஃபிஈ மத்ஹபில் உடனே மூடாவிட்டால் தொழுகை முறியும். ஹனஃபி மத்ஹபில் ஓர் உறுப்பின் கால்பாகம் ஒரு ருக்னின் நேரம் திறந்திருந்தால் முறியும். பைக்குக்கென்றே வெட்டிய நல்ல ஜீன்ஸில், குனிந்து உட்காருபவருக்காகப் பின்பக்க இடுப்பை உயர்த்தித் தைத்திருப்பார்கள். சாலைக்காகச் செய்தது தொழுகைக்கும் உதவுகிறது.

கரண்டை விஷயத்துக்கும் வழி இருக்கிறது. நின்றால் கரண்டைக்குச் சற்று மேலே முடியும்படி நீளம் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது அது இன்னும் மேலேறி கணுக்கால் திறந்துகொள்ளும் என்பதால், கணுக்காலை மூடும் உயரமான ஷூ அணியுங்கள். செருப்போடு ஓட்டுகிறவர் எந்த ஜீன்ஸ் போட்டும் பயனில்லை. முட்டிக் கவசத்தோடு ஸஜ்தா கூடுமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாகக் கூடும், முட்டி துணிக்குள் இருப்பது குறையல்ல. கடினமான பிளாஸ்டிக் கவசத்தோடு இருப்பில் உட்காருவது சிரமம் என்பதால், வளையும் மென்மையான கவசத்தைத் தேர்ந்தெடுங்கள். அடிபடும் கணத்தில் மட்டும் இறுகும் வகைகள் கிடைக்கின்றன.

பெண்கள் விஷயத்தைத் தனிக் கட்டுரையாக எழுத வேண்டும், ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அபாயாவின் ஓரம் பின்சக்கரத்திலோ செயினிலோ சிக்கி விழுந்த சகோதரிகள் நம் மஹல்லாவிலேயே உண்டு. பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. அழகு குறைகிறது என்று பிள்ளைகள் அதைக் கழற்றிவிடுகிறார்கள். திரும்ப மாட்டச் சொல்லுங்கள். ஸ்கூட்டி ஓட்டும் சகோதரிகள் அபாயாவுக்கு உள்ளே பைக் ஜீன்ஸோ, கவசம் வைத்த லெக்கிங்ஸோ அணியலாம். பெண்களுக்கென்றே வெட்டியவை விற்கிறார்கள். வெளியே தெரியவே தெரியாது.

விலை சில ஆயிரங்களில் தொடங்கி இருபதாயிரத்தையும் தாண்டும். சபரிலிருந்து வரும் மாமாவிடமோ மச்சானிடமோ வாங்கிவரச் சொல்பவர்கள், இடுப்பு அளவோடு அந்த 17092 எண்ணையும் தர எழுத்தையும் எழுதி அனுப்புங்கள். ‘நல்லதா ஒரு பைக் ஜீன்ஸ்’ என்று மட்டும் சொன்னால், முன்பு சொன்ன வரித்தையல் ஜீன்ஸ்தான் பெட்டியில் வரும்.

கடைசியாக, துவைக்கும் அம்மாமார்களுக்கு. ப்ளீச் போடாதீர்கள், குளோரின் அராமிட் நூலைக் கெடுக்கும். வெயிலும் அந்த நூலுக்கு ஆகாது என்பதால் உள்ளே புறம் திருப்பி நிழலில் உலர்த்துங்கள். கவசங்களைக் கழற்றிவிட்டே துவைக்க வேண்டும், காய்ந்ததும் மறக்காமல் திரும்பச் செருக வேண்டும். அந்தத் தம்பி இப்போது தரையில் உட்கார்ந்து தொழுகிறான், புது ஜீன்ஸும் வாங்கியிருக்கிறான். அவனுடைய அம்மா கவசம் இரண்டையும் ஒரு துணிப்பையில் போட்டு, ஜீன்ஸ் காயும் அதே கொடியில் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுகிறார்.