மகளுக்கு எந்த பாங்க்?

என் மகள் ப்ளஸ் டூ முடித்து, சென்னையில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள். ஹாஸ்டல், ஃபீஸ், பக்கெட், பாய் என்று எல்லாவற்றையும் யோசித்த நான் பாங்க்கைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதனால் பட்ட அவஸ்தையை, பிள்ளைகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மரக்காணம். என்னவருக்கு உப்பளத்தில் வேலை. தை பிறந்து பாத்தி சீர் செய்துவிட்டால் வெயில் காலம் முழுக்கக் கூலி வரும். ஐப்பசி மழை இறங்கியதும் உப்பளம் வெள்ளக்காடுதான். மார்கழி முடியும் வரை கையில் காசு ஓடாது.

மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். அதனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைத்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. பணம் நேராக மாணவியின் பாங்க் கணக்குக்கே வந்துவிடும். பள்ளி நாளிலேயே உள்ளூர் கிளையில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அதில்தான் வந்து கொண்டிருந்தது.

ஒருநாள் கல்லூரி வாசலில் ஒரு தனியார் பாங்க்காரர்கள் மேஜை போட்டிருக்கிறார்கள். "ஆதார் இருந்தா போதும், அஞ்சு நிமிஷத்துல கார்டு" என்றார்களாம். தோளில் மாட்டும் பை வேறு இலவசம்! சிநேகிதிகள் எல்லாரும் போட, இவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். எங்களிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த இரண்டு மாதம் ஊர்க் கணக்கில் பணம் வரவே இல்லை. பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டார்: "பொண்ணு வேற பாங்க்ல கணக்கு ஆரம்பிச்சுதாம்மா? கவர்மென்ட் பணம் ஆதாரைப் பார்த்துதான் வரும். கடைசியா எந்த பாங்க்ல ஆதாரை இணைச்சாங்களோ, அங்க போயிடும்."

மகளுக்கு போன் போட்டேன். பணம் புதுக் கணக்குக்குத்தான் போயிருந்தது. ஆனால் முழுசாக இல்லை. குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று பிடித்தம் செய்திருந்தார்கள். மழை மாதம், நாங்களும் எதுவும் அனுப்பவில்லை. "ஏன்டி சொல்லல?" என்றால், "எனக்கே தெரியாதும்மா" என்று அழுகிறாள். அவளைத் திட்டி என்ன செய்ய?

பிறகுதான் விசாரித்துத் தெரிந்து கொண்டேன். அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று ஒன்று எல்லா பாங்க்கிலும் உண்டு. ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இருப்பு எதுவும் வைக்க வேண்டாம், ஏ.டி.எம். கார்டு இலவசம், மாதம் நாலு முறையாவது கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். அதே பாங்க்கில் இன்னொரு சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. நாமாகக் கேட்டால்தான் தருகிறார்கள். தானாக யாரும் சொல்வதில்லை. சாதாரண சேமிப்புக் கணக்கிலும் ஸ்டேட் பாங்க் 2020-லும், இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையை எடுத்துவிட்டன. கணக்கு ஆரம்பிக்கும்போதே, "எவ்வளவு வைக்கணும், குறைஞ்சா எவ்வளவு பிடிப்பீங்க?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், நம் காசு.

எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், நம் ஊரிலும் கிளை இருக்கிறதா என்று பாருங்கள். கூலி ரொக்கமாக வரும் வீட்டில், பணம் கட்டப் போவது நாம்தானே? இந்தக் கிளையில் நான் கட்டினால் அடுத்த நிமிடம் அவள் அங்கே எடுத்துக்கொள்கிறாள்.

ஏ.டி.எம். விஷயத்திலும் ஒரு பாடம். சென்னை போன்ற பெருநகரத்தில் வேறு பாங்க் மெஷினில் மாதம் மூன்று முறைதான் இலவசம். சொந்த பாங்க் மெஷினில் ஐந்து முறை. அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம், வரி தனி. வேறு பாங்க் மெஷினில் இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி! இவள் நூறு ரூபாய் எடுக்குமுன் ஒருதரம், எடுத்தபின் ஒருதரம் பார்ப்பவள்.

ஹாஸ்டலில் ஒரு பெண்ணிடம் யாரோ, "உன் கணக்கையும் கார்டையும் கொடு, மாசாமாசம் பணம் தர்றேன்" என்று கேட்டார்களாம். மகள் சொன்னதும் வயிற்றைக் கலக்கியது. மோசடிப் பணம் அப்படித்தான் கைமாறுகிறது. போலீஸ் முதலில் வருவது கணக்குக்கு உரியவரிடம். கணக்கு முடங்கிவிடும், வழக்கும் வரும். அந்தப் பெண் நல்லவேளை கொடுக்கவில்லை. பணம் ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும் என்று இருவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

லீவுக்கு வந்தபோது அவளையே கூட்டிப்போய், ஊர்க் கணக்கில் ஆதாரை மறுபடி இணைக்க எழுதிக் கொடுத்தோம். புதுக் கணக்கை முடித்துவிட்டாள். பை மட்டும் மிச்சம். அதில்தான் இப்போது நான் காய்கறி வாங்கப் போகிறேன்.

மாதாமாதம் பாஸ்புக்கில் பதிந்து வந்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. "போன்லயே தெரியுமேம்மா" என்கிறாள். தெரியட்டும்.

- ஒரு வாசகி, மரக்காணம்.