தலையணைக்கடியில் ஒரு மாத்திரை அட்டை

இடுப்பெலும்பு முறிந்து வரும் பெரியவர்களின் வீட்டாரிடம் நான் முதலில் கேட்பது, "ராத்திரி தூக்க மாத்திரை போடுறாரா?" என்பதுதான். தயங்கித் தயங்கி ஓர் அட்டையை நீட்டுவார்கள். பெரும்பாலும் அல்பிரசோலம். என்றோ ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதியதை வருஷக்கணக்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிறார்கள். அரைத்தூக்கத்தில் பாத்ரூமுக்கு எழுந்து தடுமாறி விழுகிறார்கள். இப்போது கூடவே, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாங்கி வரும் மெலடோனின் டப்பாவும் வருகிறது.

இருட்டில் சுரப்பது

இரவாகிவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் ஹார்மோன் மெலடோனின். வெளிச்சம் பட்டால் அடங்கிவிடும். வயது ஏற ஏற இரவுச் சுரப்பு குறைகிறது. கண்புரை இருந்தால் பகல் வெளிச்சமும் உள்ளே சரியாகப் போவதில்லை. நாள் முழுக்க அறைக்குள்ளேயே இருப்பவரின் உடல் கடிகாரத்துக்குப் பகல் எது, இரவு எது என்றே பிடிபடாது.

காதில் விழும் கதைகள்

"வயசானா நாலு மணி நேரம் போதும்." போதாது. 65 தாண்டியவருக்கும் 7, 8 மணி நேரம் வேண்டும். ஆனால் இரவு 8 மணிக்குப் படுத்தவர் 3 மணிக்கு எழுந்தால் ஏழு மணி நேரம் தூங்கிவிட்டார். அவருக்கு எதற்கு மாத்திரை?

"மெலடோனின் இயற்கையானது, முதுமையைத் தள்ளிப்போடும்." மனிதர்களிடம் இது நிரூபிக்கப்படவில்லை. 2023-இல் அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மி மிட்டாய்களைச் சோதித்தார்கள். 22-இல் லேபிளில் போட்ட அளவு தவறு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெலடோனினால் ரத்தக்கசிவு ஏற்படலாம். சிலருக்கு மெலடோனினை நாங்களே எழுதித் தருவதுண்டு, அளவும் நேரமும் பார்த்து.

"ஜாதிக்காய்ப் பால் ஒன்றும் செய்யாது." சிட்டிகை ஸ்பூனாகும்போது படபடப்பும் மனக்குழப்பமும் வரும். தூக்கத்துக்காக இருமல் டானிக் குடிக்கும் கொடுமையும் நடக்கிறது. அதனால் புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு, நடுராத்திரியில் தூக்கி வருகிறார்கள்.

சோதனைகள்

தூக்கம் கெட்டவருக்கு நாங்கள் பார்ப்பவை: சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின். பலத்த குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை.

கெஞ்சிக் கேட்கிறேன்

காலையில் அரை மணி நேரம் அப்பாவை மொட்டை மாடியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். மதியம் அரை மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாதீர்கள். படுக்கையில் செல்போன் வேண்டாம். பாத்ரூம் வழியில் மங்கலான ஒரு மஞ்சள் விளக்கு எரியட்டும்.

அந்த அட்டையை இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். நெடுநாள் போட்ட அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். கையோடு எடுத்து வாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருகிறோம்.