தண்ணீருக்குள் கிடந்தே வற்றும் ஜெல்

பூ ஜாடியில் அழகுக்குப் போடும் வண்ண ஜெல் மணிகளைப் பார்த்திருப்பீர்கள். கடுகளவு மணியைத் தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஊதிவிடும். ஊதிய மணியை எடுத்து, பாலிஎத்திலீன் கிளைகால் என்னும் பாலிமர் கரைந்த கெட்டியான கரைசலில் போடுங்கள். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் மணி மெல்லச் சுருங்கும்.

ஜெல் என்பது ஆங்காங்கே முடிச்சிட்ட பாலிமர் சங்கிலிகளின் வலை. தண்ணீரில் கரைந்து ஆளுக்கொரு பக்கம் போகவே அந்தச் சங்கிலிகள் பார்க்கின்றன, முடிச்சுகள் விடுவதில்லை. நீர் புகப் புக வலை விரிந்து விறைக்கிறது. நீரை உள்ளே இழுக்கும் சவ்வூடு அழுத்தமும் வலையின் மீள்விசையும் சமமானதும் வீக்கம் நின்றுவிடும். இந்தக் கணக்கை 1943-ல் பால் ஃப்ளோரியும் ஜான் ரெய்னரும் வகுத்தார்கள்.

வெளியிலும் பாலிமர் இருந்தால் கணக்கு மாறுகிறது. வலைக்கண்ணின் அகலம் பெரும்பாலும் சில நானோமீட்டர்தான். நீளமான சங்கிலி அதற்குள் நுழைய வேண்டுமானால் தன் இயல்பான சுருளை விட்டு நீண்டு ஒடுங்க வேண்டும். ஆகவே வெளியிலேயே தங்கிவிடுகிறது. நீர் மூலக்கூறுகளுக்கோ தடையில்லை. அவை ஜெல்லை விட்டு வெளியேறி, அடர்ந்த கரைசலை நீர்க்கச் செய்யப் பார்க்கின்றன. சவ்வே இல்லாத இடத்தில் ஜெல்லின் வலையே சவ்வு வேலை பார்க்கிறது. குட்டையான சங்கிலிகள் என்றால் உள்ளேயும் புகுந்துவிடும்; சுருக்கம் குறையும்.

உப்பு வேறு வழியில் இதைச் செய்கிறது. குழந்தைகளின் டயப்பரில் உள்ள சோடியம் பாலிஅக்ரிலேட், சுத்தமான நீரைத் தன் எடையைப்போல் பல நூறு மடங்கு உறிஞ்சும். உப்புநீரை என்றால் சில பத்து மடங்குதான். இங்கே உப்பின் அயனிகள் வலைக்குள்ளேயே புகுந்து, சங்கிலிகளின் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதை மட்டுப்படுத்துகின்றன. உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த அயனி வேறுபாடும் குறைந்துபோகிறது.

சுருங்க எவ்வளவு நேரமாகும் என்பது மணியின் அளவைப் பொறுத்தது. விட்டம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். டோயோய்ச்சி டனாகாவும் டேவிட் ஃபில்மோரும் 1979-ல் காட்டிய விதி இது.

இதே சுருக்கம் ஓர் அளவுகோலாகவும் பயன்படுகிறது. மூட்டுக் குருத்தெலும்பும் பெரும்பகுதி நீர் கொண்ட ஒருவகை ஜெல்தான். அழுத்தம் தெரிந்த பாலிஎத்திலீன் கிளைகால் கரைசலில் அதன் துண்டை வைத்து, எவ்வளவு நீரை விடுகிறது என்று ஆய்வாளர்கள் எடை போட்டுப் பார்க்கிறார்கள். பாலிமர் திசுவுக்குள் கசியாதிருக்க இடையில் ஒரு சவ்வுப் பை இருக்கும். நம் உடல் எடை அழுத்தும்போது முழங்கால் தன் நீரை எவ்வளவு பிடித்துவைக்கும் என்பது இப்படித்தான் அளக்கப்படுகிறது.